சுற்றாத டிஸ்க்

1.9.2012, சனி

இன்று கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையே என்னைப் பார்த்துச் சிரித்தது. சீட்டுக்கட்டு அளவில் ஒரு டிஸ்கைக் கையில் கொடுத்தார்கள். கனமே இல்லை. முப்பது வருடமாக மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன் நான். கைக்கு எது வந்தாலும் அது நேராகக் காதுக்குத்தான் போகும். தேங்காய் வாங்குகிறவன் போல ஆட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை. பையிலிருந்த ஸ்குரூ டிரைவரின் முனையை அதன்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். பேரிங் போன மோட்டாரை அப்படித்தான் பார்ப்போம். கடைக்காரர், இன்னும் கரண்டே கொடுக்கவில்லையே சார் என்றார். சரி, கொடுத்தால் எந்தப் பக்கமாகச் சுற்றும் என்று கேட்டேன். அதற்குத்தான் சிரித்தார்கள். அது எந்தப் பக்கமும் சுற்றாதாம். உள்ளே மோட்டாரே கிடையாதாம். வெறும் சிப்பாம். எஸ்எஸ்டி என்று பெயர்.

உடுமலையில் இதை வாங்கிய முதல் ஆள் நான்தான் என்று கடைக்காரர் சொன்னார். சிரிப்பை அடக்க அவர் சொன்ன சமாதானமாகவும் இருக்கலாம்.

வாங்கியது மகள் கோகிலவாணிக்கு. நாலு வருடமாக டாப்ஸ்லிப் பக்கம் காட்டில் கிடந்து இருவாச்சிப் பறவையின் சத்தத்தைப் பதிவு செய்து ஆராய்ச்சி பண்ணுகிறாள். பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை வைத்து அடைத்துக்கொள்ளும்; ஆண் பறவை பழம் கொண்டுவந்து ஊட்டும். அதுகள் இரண்டும் என்ன பேசிக்கொள்கின்றன என்பதற்கு டாக்டர் பட்டம். பத்தாவது பரீட்சையின் மேல் உள்ள பிரியத்தால் அதை இரண்டு தடவை எழுதியவன் நான். எனக்கு இப்படி ஒரு பிள்ளை.

அக்டோபர் கடைசிக்குள் ஆராய்ச்சிப் புத்தகத்தைக் கொடுத்தாக வேண்டும். உதவித்தொகை நின்றுவிட்டது, கெடுவையும் இனிமேல் நீட்ட மாட்டார்கள். கொடுத்துவிட்டால் ஜனவரியில் ஜெர்மனியில் வேலை. வீட்டுக் கம்ப்யூட்டரோ ஒரு பதிவைத் திறப்பதற்குள் அவளைக் காப்பி குடித்து முடிக்க வைக்கிறது. அதனால்தான் இந்தச் செலவு.

3.9.2012, திங்கள்

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை ஜெசிந்தா வீட்டுக்கே வந்து மாட்டிக் கொடுத்தாள். அவள் டைப் இன்ஸ்டிடியூட் நடத்திய காலத்திலிருந்து பழக்கம். பழைய டிஸ்கில் இருந்ததையெல்லாம் புதியதில் அப்படியே இறக்கினாள். பிறகு பழையதைக் கழற்றி என் கையில் கொடுத்து, "அண்ணா, இதைப் பத்தரமா வையுங்க. ஆறு மாசத்துக்குத் தொடவே தொடாதீங்க" என்றாள்.

முதல் இரண்டு வருடப் பதிவுகளுக்கு, கோகிலாவின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர் அம்மாவிடம் ஒரு பிரதி இருக்கிறது. பின் இரண்டு வருடத்துக்கு இருந்த பிரதி போன மழையில் காட்டு முகாமிலேயே நனைந்து போய்விட்டது. எனவே புதியதில் ஒன்று, பழையதில் ஒன்று. இரண்டு இருந்தால் போதும் என்றாள் ஜெசிந்தா.

சுவிட்சைப் போட்டதும் பதினாலு செகண்டில் கம்ப்யூட்டர் வந்து நின்றது. எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மூன்று தடவை அணைத்துப் போட்டுக் காட்டினேன். நாலாவது தடவைக்கு கோகிலா எழுத வேண்டும் என்று எங்கள் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டாள்.

5.9.2012, புதன்

அது ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பழைய டிஸ்க் கரகரவென்று முனகிக்கொண்டே இருக்கும். பக்கத்து அறையில் இருந்தாலும் பிள்ளை வேலை செய்கிறாள் என்று தெரியும். இப்போது அறையே அமைதியாக இருக்கிறது. இன்று இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டேன். என்னப்பா என்றாள். ஃபேன் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்த்தேன் என்றேன்.

9.9.2012, ஞாயிறு

காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லை. வோல்டேஜ் குறைந்து மோட்டார்கள் எரிவதால் பட்டறைக்கு வேலை குவிகிறது. காயில் கட்டி முடித்தால் ஓட்டிப் பார்க்கக் கரண்ட் இல்லை. நோய் கொடுக்கிறவனே மருந்துக் கடையையும் பூட்டி வைத்திருக்கிறான்.

சும்மா இருக்க முடியவில்லை. பீரோவில் இருந்த பழைய டிஸ்கைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஆறு ஸ்குரூ, எல்லாம் நட்சத்திரத் தலை. அதற்கு முனை இல்லை. ஒரு ஊசியை ராவித் தயார் பண்ணினேன்.

உள்ளே ஒரு வட்டத் தகடு, கண்ணாடியே தோற்றுப்போகும். என் முகம் தெரிந்தது, மூக்கு முடி உட்பட. நடுவில் அந்தக் குட்டி மோட்டார். பிரஷ் இல்லை, ஆட்டம் இல்லை. விரலால் தள்ளினால் வெண்ணெயில் சுற்றுகிற மாதிரி சுற்றுகிறது. முப்பது வருடத்தில் இப்படி ஒரு வேலைப்பாட்டை நான் பார்த்ததில்லை. தகட்டில் என் விரல் ரேகை பதிந்துவிட்டது. வேட்டி நுனியால் அழுத்தித் துடைத்தேன், முன்னைவிடப் பளபளப்பு.

அரை மணியில் மூடி, வைத்த இடத்தில் வைத்துவிட்டேன். ஒரு ஸ்குரூ உருண்டு போய்விட்டது. மற்ற ஐந்தும் பிடித்துக்கொள்ளும்.

17.9.2012, திங்கள்

கோகிலா இரண்டு அத்தியாயம் முடித்து அச்செடுத்துவிட்டாள். கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸுக்கு பேட்டரி மாற்ற வேண்டும். ஊரில் உள்ள பேட்டரியெல்லாம் பார்க்கிறேன், வீட்டு பேட்டரிக்கு அடுத்த வாரம்.

24.9.2012, திங்கள்

மாலை நாலேகாலுக்கு கரண்ட் போனது. யூபிஎஸ் ஒரு தடவை கீச்சென்று கத்திவிட்டு அதுவும் போனது. கோகிலா பதிவுகளைத் திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தாள்.

ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. கம்ப்யூட்டர் கருப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி காட்டியது. டிஸ்கே இல்லை என்கிறது. இருக்கிறது, நான் கையால் தொட்டுப் பார்த்தேன்.

தொட்டுப் பார்த்ததைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. எரிந்த மோட்டார் என்றால் வார்னிஷ் நாற்றம் அடிக்கும். பேரிங் என்றால் கத்தும். இது நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. சூடு இல்லை, நாற்றம் இல்லை, சத்தம் இல்லை. செத்ததற்கு ஒரு அடையாளமும் இல்லாமல் ஒன்று சாகும் என்று எனக்குத் தெரியாது.

25.9.2012, செவ்வாய்

ஜெசிந்தா வந்து பார்த்தாள். தன் மடிக்கணினியில் மாட்டினாள், வேறு வயர் போட்டாள். கடைசியில் கையை எடுத்துவிட்டு, "போயிருச்சு கோகிலா. டிஸ்க் எந்திரிக்கவே மாட்டேங்குது" என்றாள்.

நான் வாசல்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

ஜெசிந்தா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். உள்ளே ஒரு குடோன்காரன் இருக்கிறானாம். எந்த மூட்டை எந்த மூலையில் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். கரண்ட் திடீரென்று போனபோது அவன் புத்தி கலங்கிவிட்டது. மூட்டைகள் உள்ளேதான் இருக்கின்றன, எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. இந்தச் சரக்கு புதிது என்பதால் ரிப்பேர் பண்ணத் தெரிந்தவர்களும் இன்னும் வரவில்லை.

 கோகிலா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏனுங்ப்பா இப்படி வேர்த்துப்போச்சு? அதான் பழைய டிஸ்க் இருக்குதில்லீங்க. மூணு வார வேலைதான் போச்சு, அதுலயும் பாதிய அச்செடுத்துட்டேன்."

ஜெசிந்தாவும் சிரித்தாள். என் மனைவி ராஜாமணி பிள்ளையாருக்கு நன்றி சொன்னாள். வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது. நான் மட்டும் பீரோவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜெசிந்தாவிடம் பேச்சுக்குக் கேட்கிற மாதிரி கேட்டேன், பழைய டிஸ்கில் தூசி கீசி பட்டால் ஏதாவது ஆகுமா என்று. மூடியைத் திறந்தாலே போச்சு அண்ணா, உள்ளே படிக்கிற முள்ளுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு தூசி போகக்கூட இடம் கிடையாது, கைபட்டால் அதோடு மறந்துவிட வேண்டியதுதான் என்றாள்.

டிஸ்க் எங்கே என்றார்கள். பட்டறையில் பூட்டி வைத்திருக்கிறேன், நாளைக்கு எடுத்து வருகிறேன் என்றேன். அது இரண்டடி தூரத்தில் பீரோவுக்குள் என் வேட்டிகளுக்கு அடியில் இருந்தது.

26.9.2012, புதன்

பட்டறை பீரோச் சாவி கிடைக்கவில்லை என்று சொன்னேன். பட்டறையில் பீரோவே கிடையாது என்பது ராஜாமணிக்குத் தெரியும். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனாள்.

காலையில் மூன்று ஹெச்பி மோட்டார் ஒன்றுக்குக் காயில் தப்பாகக் கட்டி, முழுதும் பிரித்தேன்.  

27.9.2012, வியாழன்

இனி மறைக்க முடியாது. எடுத்துக்கொண்டு ஜெசிந்தா கடைக்குப் போனோம், நானும் கோகிலாவும். போகிற வழியில் இரண்டு கோயில்களிலும் ஒரு சர்ச்சிலும் வேண்டிக்கொண்டேன். ஒருவேளை ஓடும். எத்தனையோ மோட்டாரைத் திறந்து மூடியிருக்கிறேன், ஓடவில்லையா?

கரண்ட் கொடுத்ததும் சுற்ற ஆரம்பித்தது. எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. நாலாவது நொடியில் டக் என்றது. மறுபடியும் டக். டக், டக், டக். பிறகு ஒரு கீறல் சத்தம். ஜெசிந்தா எகிறி சுவிட்சை அணைத்தாள்.

டிஸ்கைத் திருப்பிப் பார்த்தாள். ஸ்குரூத் தலையெல்லாம் பிராண்டியிருந்தது. ஒன்று இல்லவே இல்லை. மெதுவாகக் கேட்டாள்: "அண்ணா, இதத் தொறந்தீங்களா?"

கோகிலா என் பக்கத்தில் நின்றாள்.

"இல்லியேம்மா" என்றேன்.

ஜெசிந்தா டிஸ்கை மேசைமேல் வைத்தாள். பழைய டிஸ்க் என்றால் இப்படியும் ஆவதுண்டு என்று கோகிலாவிடம் சொன்னாள். எனக்காக ஒரு நல்ல பெண்பிள்ளை பொய் சொன்னாள், அதுவும் அவள் கடையில் மாட்டியிருந்த மாதா படத்துக்கு முன்னால்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கோகிலா விரலை மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டே வந்தாள். இன்னும் எத்தனை நாள் என்று எண்ணியிருப்பாள். நான் எண்ணவில்லை. எனக்கு மனப்பாடம். முப்பத்திநாலு.

28.9.2012, வெள்ளி

காலையில் ராஜாமணியிடம் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் பாதிப் பாரம் இறங்கியிருக்கும். திட்டவில்லை. "புள்ளைகிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க. நான் சொன்னா நல்லாருக்காது" என்றாள்.

கோகிலா தரையில் உட்கார்ந்து காட்டில் எழுதிய நோட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நோட்டில் தேதி, நேரம், மரத்தின் நம்பர் எல்லாம் இருக்கின்றன. சத்தம் எப்படி நோட்டில் இருக்கும்?

சொன்னேன். வேட்டியால் துடைத்தது வரைக்கும் சொன்னேன்.

அவள் கையிலிருந்த நோட்டை அடுக்கின்மேல் வைத்தாள்.

"எதுக்குங்ப்பா தொறந்தீங்க?"

"உள்ள மோட்டார் எப்படிச் சுத்துதுன்னு பாக்கலாம்னு, அம்மிணி."

"நல்லா இருந்துதுங்களா?"

நல்லா இருந்தது என்றேன். பிரஷ்கூட இல்லை என்றேன். ஐம்பத்தாறு வயதில் வாயை எங்கே மூட வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை.

அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவை ஓங்கி அறையவில்லை. சாத்தினாள்.

29.9.2012, சனி

பேசவில்லை. என் தட்டில் சோறு மட்டும் கோகிலா தன் கையால்தான் வைத்தாள்.

30.9.2012, ஞாயிறு

பேராசிரியர் அம்மாவிடம் போனில் பேசியது கதவு வழியாகக் கேட்டது. ஒட்டுக் கேட்கவில்லை, கதவுக்குப் பக்கத்தில் ஸ்விட்ச் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடப் பதிவை மட்டும் வைத்து புத்தகம் எழுத முடியாதாம். மறுபடி கூடு கட்டும் காலம் வரை காத்திருந்து பதிய வேண்டும். ஜெர்மனிக்காரர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள். கோகிலா "சரிங் மேடம், சரிங் மேடம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தக் குரல்தான் பயமாக இருந்தது. கோபப்படுகிற குரலில் ஒரு உயிர் இருக்கும்.

1.10.2012, திங்கள்

ஜெசிந்தா மூச்சு வாங்க பட்டறைக்கு வந்தாள். வெளிநாட்டில் இதே போன்ற டிஸ்க் செத்துப்போன யாரோ இன்டர்நெட்டில் எழுதியிருக்கிறார்களாம். தகவல் வயரைப் பிடுங்கிவிட்டு, கரண்ட் வயரை மட்டும் மாட்டிச் சும்மா விட வேண்டுமாம். யாரும் கேள்வி கேட்காவிட்டால் குடோன்காரன் உட்கார்ந்து தன் மூட்டைகளைத் தானே அடுக்கிக்கொள்வானாம். சில பேருக்குச் சில நிமிடத்தில் வந்திருக்கிறது, சில பேருக்கு மணிக்கணக்கில் ஆகியிருக்கிறது. சில பேருக்கு வரவே இல்லை. நடுவில் கரண்ட் போனால் மட்டும் இன்னும் கெட்டுப்போகலாம்.

ஒரு மணி நேரம் வருவதும் ஒரு மணி நேரம் போவதுமாக இருக்கிற இந்த ஊரில், நாள் முழுக்க ஆடாமல் அசையாமல் கரண்ட் வேண்டுமாம்.

சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். இந்த டிஸ்க் வந்ததிலிருந்து என்னிடம் யாராவது எனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டார்கள் என்றால் அது இதுதான்.

2.10.2012, செவ்வாய்

காந்தி ஜெயந்தி, பட்டறை லீவு. லாரி செட்டுக்காரரிடம் புது பேட்டரி இரண்டு கேட்டு வாங்கினேன். பட்டறை இன்வெர்ட்டரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வெளிக் கரண்டை வீட்டுக்குள்ளேயே விடவில்லை, மெயினை இறக்கிவிட்டேன். வந்து போகிற கரண்டைவிட வராத கரண்டே மேல்.

காலை ஆறரைக்கு ஜெசிந்தாவும் நானும் கரண்ட் வயரை மட்டும் மாட்டினோம். மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். டிஸ்கில் ஒரு விளக்குகூடக் கிடையாது. ஒரு சின்னக் கருப்புப் பெட்டி மேசைமேல் கிடக்கிறது, நான் அதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். உள்ளே வேலை நடக்கிறதா, பிணம் கிடக்கிறதா?

ஏழரைக்கு ஜெசிந்தா தகவல் வயரை மாட்டிப் பார்த்தாள். இல்லை. மறுபடி பிடுங்கினோம்.

பதினோரு மணிக்கும் இல்லை.

ராஜாமணி சாப்பாட்டை அங்கேயே கொண்டுவந்தாள். மீட்டரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் சாப்பிட்டேன். எழுந்து போனால் ஏதாவது ஆகிவிடும் என்று தோன்றியது. என் ஒரு விரல்தான் ஏற்கெனவே இரண்டு வருடத்தைத் துடைத்துவிட்டது. அதனால் எதையும் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு மணி வாக்கில் கோகிலா அறையிலிருந்து வந்தாள். ஐந்து நாளில் முதல் தடவையாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பேட்டரி தாங்குமுங்களா?" என்று கேட்டாள். இன்னொன்று வாசலில் தயாராக இருக்கிறது அம்மிணி என்றேன். அவள் மீட்டரைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். நான் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தேன். ஏழரை மணி நேரத்துக்குப் பிறகு.

நாலு மணிக்கு ஜெசிந்தா தகவல் வயரை மாட்டினாள். திரை கருப்பாகவே இருந்தது. என் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது. பிறகு டிஸ்கின் பெயர் வந்தது. அதற்குக் கீழே கோகிலாவின் ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வந்தன.

 கோகிலா ஒரு பதிவைத் திறந்தாள். காற்று, தூரத்தில் தண்ணீர், பிறகு அந்தப் பறவை தொண்டையைக் கனைக்கிற மாதிரி ஒரு குரல். பொந்துக்குள்ளிருந்து இன்னொன்று சன்னமாகப் பதில் சொன்னது. நாலு வருடமாக இவள் எதற்காகக் காட்டில் இருந்தாளோ அதை இன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறேன். போட்டுக் காட்டு என்று ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை.

ஜெசிந்தா அவசரமாக மூன்று டிஸ்கில் பிரதி எடுத்தாள். மூன்றையும் கோகிலா தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். என் கைக்கு ஒன்றும் வரவில்லை. அது சரிதான்.

3.10.2012, புதன்

பன்னிரண்டு மணி நேரம் தூங்கினேன். புது யூபிஎஸ் பேட்டரி மாட்டினேன்.

29.10.2012, திங்கள்

ஆராய்ச்சிப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டோம். பல்கலைக்கழகத்தில் ஐந்து பிரதிகளையும் நான்தான் சுமந்தேன். முதல் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் "என் அப்பாவின் இரண்டு பேட்டரிகளுக்கு" என்று போட்டிருக்கிறாள். டிஸ்கைத் திறந்ததைப் போடவில்லை. பெருந்தன்மைதான்.

உக்கடம் பஸ் ஸ்டாண்டில் காப்பி குடித்தோம். ஜெர்மனியில் ஜனவரியில் எவ்வளவு குளிர் இருக்கும், கம்பளி எங்கே வாங்குவது என்று பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"ஜெசிந்தாக்கா போயிருச்சுன்னு சொன்னப்ப வாசப்படியப் புடிச்சுட்டு நின்னீங்களேப்பா. அப்ப என்னங் நெனச்சீங்க?"

"உன்ற நாலு வருசம் போச்சேன்னு பயந்துபோட்டேன் அம்மிணி" என்றேன்.

என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு உடுமலை பஸ் வந்துவிட்டதா என்று பார்க்க எழுந்து போனாள்.

பயந்தது உண்மை. ஆனால் அது இரண்டாவதாக வந்தது. போய்விட்டது என்று ஜெசிந்தா சொன்னதும் எனக்கு முதலில் தோன்றியது, அப்படியானால் இவள் ஜனவரியில் போகமாட்டாள் என்பது. ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.